கிரீடம் எதுக்கு, கண்மாய் இருக்கு!

ராஜா வேஷம் மாதிரி அலுப்பான வேஷம் வேறு கிடையாது. நாடக மேடையில் சொல்லவில்லை, விளையாட்டு மேஜையில் சொல்கிறேன். திருடன் வேஷம் போட்டவனுக்கு முன்னால் ஒரு பூட்டு இருக்கிறது. மந்திரவாதிக்கு ஓர் ஏடு இருக்கிறது. வீரனுக்கு எதிரே ஒரு பூதமாவது நிற்கிறது. ராஜாவுக்கு? "படையை அனுப்பு" என்பார், அனுப்பியாகிவிட்டது. "வரியைக் கூட்டு" என்பார், கூட்டியாகிவிட்டது. அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து நோட்டில் வரவு செலவு எழுத வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணக்கு எழுதவா ஆளுக்கொரு திசையிலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு வருகிறோம்?

அதனால் கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடியில் நடக்கும் ஆட்டத்தில் ராஜா கிடையாது. வருகிற ஐந்து பேரும் பாளையக்காரர்கள். மதுரை மண்ணில் நாடாளும் ஆட்டம் ஆட வேண்டுமென்றால் அதைவிடத் தோதான வேஷம் இல்லை என்பது என் கட்சி. இந்தப் பதிவு முழுக்க அதற்கான வக்காலத்துதான்.

முதலில் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார்; இங்கே அது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். "இப்படி நடக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நான் கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் கட்டையை உருட்டுவோம். காய் நகர்த்துவது கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. கதை மாதக்கணக்கில் நீளும். அந்த நீண்ட கதைக்குத்தான் கேம்பெயின் என்று பெயர்.

மேலே ஆளில்லாதவனுக்குக் கதை இல்லை

நாடாளும் ஆசை இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்டபோதே, வீரன் பெரிய படிக்கு வந்துவிட்டால் கோட்டை கட்டிக்கொண்டு, சுற்றியுள்ள குடிகளிடம் தலைக்கு ஆண்டுக்கு 10 பொற்காசு வரி வாங்கலாம் என்று விதி இருந்தது. 1995-ல் டிஎஸ்ஆர் கம்பெனி பர்த்ரைட் என்று ஒன்று கொண்டுவந்தது. அதில் குகைக்குள் புகுந்து சம்பாதித்து மேலே வரத் தேவையில்லை; முதல் நாளே நீங்கள் ஆளுகிறவர், மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று. 2010-ல் பைசோ வெளியிட்ட கிங்மேக்கரில் காட்டைத் துழாவி, ஊர் கட்டி, அதை நாடாக்கலாம். அது 2018-ல் கணினி விளையாட்டாகவும் வந்துவிட்டது.

எல்லாமே நல்ல ஆட்டங்கள். ஆனால் எந்த விதிப்புத்தகத்தை எடுத்தாலும், கிரீடம் தலையில் ஏறிய மறுநாளிலிருந்து ஒரு சோர்வு தட்டும். காரணம் லேசானது. கதை என்பது ஒருவன் செய்ய நினைப்பதற்கும் அவனைச் செய்யவிடாமல் பிடித்து இழுப்பதற்கும் நடுவில் நடக்கிறது. ராஜாவுக்கு மேலே கேள்வி கேட்க ஆளில்லை, கீழே இருப்பவர்கள் நோட்டில் ஓர் எண். பிறகு எங்கிருந்து கதை வரும்? எல்லைக்கு அப்பால் ஓர் அரக்கர் படையை நிறுத்தி நடத்துகிறவர்தான் சிரமப்பட வேண்டும்.

பாளையக்காரர் கதை அப்படியில்லை. 1529-ல் மதுரைக்கு ஆள வந்த விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் சேர்ந்து நாட்டைப் பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 72 பாளையம் என்பது மரபுக் கணக்கு. பட்டியலுக்குப் பட்டியல் பெயர் மாறும். மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளம், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்பார்கள். வசூலில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்குத் திறை, ஒரு பங்கு படைக்கு, மிச்சம் ஒரு பங்கு பாளையக்காரருக்கு. அழைத்த நேரத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். சரகத்தில் திருட்டு நடந்தால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் கைக்காசைப் போட்டு ஈடு கட்ட வேண்டும். இதற்குத்தான் காவல் வரி வாங்குகிறார்.

இந்தப் பத்தியை ஆட்டம் நடத்துகிறவர் கண்ணால் படித்துப் பாருங்கள். வரிக்கு வரி ஒரு கதை ஒளிந்திருக்கிறது. மேலே நாயக்கர், கீழே குடிகள், பக்கத்தில் நாலு பாளையக்காரர்கள், தலைக்கு மேலே ஒரு கெடு. பாளையக்காரர் கையில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதில் ஒவ்வொரு கைப்பிடிக்கும் யாராவது ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கோட்டை எங்கே என்று கேட்பவர்கள் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் மேலவாசலில் மிஞ்சி நிற்கும் துண்டைப் போய்ப் பார்க்கலாம். மற்றதையெல்லாம் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்துத் தெருவாக்கிவிட்டார். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அந்த வேலையில் பங்கெடுத்தவர்களின் பெயர். எங்கள் ஆட்டத்தில் கோட்டை முழுசாக நிற்கிறது. ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கொத்தளம். வருஷம் ஒரு முறை அதைச் செப்பனிட வேண்டும், செலவு அவரவர் கையிலிருந்து. "இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று எல்லோருமே சொல்வார்கள். யார் எத்தனை வருஷம் தள்ளிப்போட்டார் என்பது என் நோட்டில் மட்டும் இருக்கும்.

மடை, மலை, கணவாய், சந்தை

எங்கள் பாளையங்களுக்கு நிஜப் பெயர் வைக்கவில்லை. நிலக்கோட்டை, பேரையூர், சாப்டூர், எழுமலை, உத்தப்பநாயக்கனூர் என்று இந்த வட்டாரத்தில் நிஜப் பாளையங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வம்சத்தார் இன்றும் இருக்கிறார்கள். வரலாற்றில் பாளையத்துக்குச் சாதி உண்டு. எங்கள் மேஜையில் கிடையாது. இதை முதல் நாளே பேசி முடித்தோம். மதுரைக்காரர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. யார் முப்பாட்டன் யாரை வெட்டினான் என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் மாடியில் டீ குடிக்க ஆள் இருக்காது.

ஆகவே நிலத்தை வைத்தே பெயர். தலைமடைப் பாளையம், கடைமடைப் பாளையம், மலையடி, கணவாய், சந்தை. தலைமடை ஆளுகிறவர் பொதுப்பணித்துறையில் ஓய்வுபெற்ற ஒரு சார். கடைமடை ஒரு கணக்கு டீச்சர். மலையடிக்குக் கல்லூரியில் படிக்கும் தம்பி. கணவாய்க்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பங்காளி. சந்தை, வங்கியில் வேலை பார்க்கும் அக்கா. கொஞ்ச நாளில் நிஜப் பெயரே மறந்துவிட்டது. "ஏ கணவாய், எனக்கொரு வடை எடு" என்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

காலக்கணக்கு தமிழ் மாதம்தான். பெரியாறு அணை 1895-ல் வந்தது. எங்கள் கதை அதற்கு வெகு முந்தைய காலம் என்பதால் கண்மாயை நம்பிய ஒரே போகம். வருஷத்துக்கு நாலு சுற்று: ஆடியில் விதையும் கடனும், ஐப்பசியில் மழை, தையில் அறுப்பும் திறையும், சித்திரையில் திருவிழா. வயலில் வேலை இல்லாத காலம் என்பதால் சண்டையும் குடிமராமத்தும் சித்திரையில்தான் வரும். ஒரே ஆளை இரண்டுக்கும் அனுப்ப முடியாது. கண்மாயைத் தூர் வாருவதா, கணவாய்க்காரனோடு மோதுவதா என்று சித்திரைதோறும் தகராறு.

கையிருப்பு மூன்றே வகை: நெல், ஆள், மரியாதை. பொன், மரம், கல், இரும்பு என்று பத்து வகை வைத்து ஆடும் விதிகள் உண்டு. வேண்டாம். மூன்றுக்கு மேல் போனால் ஆட்டக்காரர்கள் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

சுற்று தொடங்கும்போது எல்லோரும் ஒரு துண்டுச்சீட்டில் தங்கள் உத்தரவை எழுதி மடித்து என்னிடம் தருவார்கள். ஓலை என்று சொல்லிக்கொள்கிறோம். எல்லா ஓலையும் வந்த பிறகுதான் பிரிப்பேன். இது ஆலன் கேலமர் 1959-ல் வெளியிட்ட டிப்ளமசி என்ற பலகை விளையாட்டிலிருந்து எடுத்தது. அதில் கட்டை உருட்டுவதே கிடையாது. பேச்சுவார்த்தையும் ரகசிய உத்தரவும்தான். ஓலை எழுதும் முன் பத்து நிமிஷம் யாரும் யாரோடும் தனியாகப் பேசலாம். மாடிப்படியில் இரண்டு பேர், தண்ணீர்த்தொட்டிப் பக்கம் இரண்டு பேர். தனியாக விடப்பட்ட ஐந்தாவது ஆளுக்கு வரும் பயம் இருக்கிறதே, அதை எந்த அரக்கர் படையாலும் தர முடியாது.

தாயக்கட்டை

இருபது முகப் பகடை என்னிடம் உண்டு. ஆனால் பாளையத்துக்கு அது ஒட்டவில்லை. மீனாட்சியம்மன் கோவில் பக்கம் பாத்திரக்கடையில் வாங்கிய பித்தளைத் தாயக்கட்டை ஜோடிதான் எங்களுக்குத் தீர்ப்பு சொல்கிறது. கட்டைக்கு நாலு முகம்: ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒன்று வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு.

இதில் ஒரு அழகு இருக்கிறது. மொத்தம் 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று வழி. தாயம் என்கிற ஒன்றுக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. இருபது முகப் பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, எதுவும் நடக்கலாம். தாயக்கட்டையில் பெரும்பாலும் நடுவாந்திரமாகத்தான் விழும், அபூர்வமாகத்தான் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும். மழையும் வசூலும் அப்படித்தானே? நாலுக்குக் குறையாமல் விழுந்தால் நினைத்தது நடக்கும், அதற்கு 16-ல் 7 வாய்ப்பு. மூன்று விழுந்தால் நடக்கும், ஆனால் விலை உண்டு. இரண்டு விழுந்தால் நடக்காது. தாயம் விழுந்தால் நடப்பது நடக்காதது எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காத புது ஆள் ஒருவர் கதைக்குள் வருவார். தாயம் போடாமல் காய் உள்ளே இறங்காது என்ற பழைய விதிக்கு இது எங்கள் மரியாதை.

மூன்று பலகை விவகாரம்

ஐப்பசி மழைக்கு உருட்டினோம், இரண்டு விழுந்தது. கண்மாய்கள் சங்கிலி மாதிரி இருப்பவை. மேலே உள்ளது நிறைந்து கலுங்கு வழியாக வழிந்தால்தான் கீழே உள்ளதற்குத் தண்ணீர். மழை குறைந்த வருஷம் தலைமடை ஓரளவு நிறையும், கடைமடை காயும். ஓலைகளைப் பிரித்தேன். தலைமடை சார் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: "கலுங்குல மூணு பலகை போட்டு மண்ணு அணைச்சாச்சு."

முப்பது வருஷம் அந்தத் துறையில் இருந்தவர் வேறு எப்படி எழுதுவார்? கலுங்குக் கல்லுக்கு நடுவே பலகையைச் செருகி மண்ணைக் கொட்டினால் கண்மாய் இன்னும் சில சாண் கூடுதலாகப் பிடிக்கும். படை இல்லை, சண்டை இல்லை, கீழே ஒரு சொட்டு போகாது.

கடைமடையின் முறை வந்தது. டீச்சரிடம் ஆள் பலம் இருந்தது. சண்டைக்குத்தான் போவார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"எத்தனை ஆள் அனுப்புறீங்க டீச்சர்?"

"ஒருத்தரும் வேணாம். சாரோட கண்மாயில தண்ணி தேங்குற பக்கம், மேல்பக்கம், வெதச்சவங்க இருப்பாங்கள்ல?"

இருப்பார்கள் என்றேன். இல்லாமல் எப்படி?

"தண்ணிய ஒசத்துனா அவங்க வயலுக்குள்ள ஏறியிருக்குமே. அவங்கட்ட ஒரு ஆள அனுப்பி, உங்க பயிர் ஏன் முழுகுச்சுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, நீங்க கணக்கு டீச்சர்னுல்ல நெனச்சேன்."

கட்டையை உருட்டினார் டீச்சர். ஐந்து. தலைமடைக் குடிகளே தங்கள் பாளையக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்: பலகையை எடுக்காவிட்டால் தை மாதம் களத்தில் நெல் அளக்க மாட்டோம். வசூல் இல்லை என்றால் திறை இல்லை, திறை இல்லை என்றால் நாயக்கரின் ஆள் வருவான். அதன் பிறகு நடந்தது முழுக்கப் பேரம்.

"ஒரு பலகைய எடுக்குறேன்."

"ரெண்டு சார்."

"ஒண்ணு எடுத்துட்டு, மார்கழியில அஞ்சு நாள் மொறத் தண்ணி விடுறேன்."

"மொறத் தண்ணிய உங்க நீர்பாய்ச்சி விட மாட்டாரு, எங்க ஆளு வந்து மடையத் தொறப்பாரு."

அடுத்தவன் மடையில் நம் ஆள் கைவைப்பது என்றால் அது படையெடுப்புக்குச் சமம். அதை டீச்சர் வார்த்தையால் வாங்கிவிட்டார். அந்தச் சாயங்காலம் ஒரு வாள் கூட உறையை விட்டு வெளியே வரவில்லை. யாருமே நேரத்தைப் பார்க்கவும் இல்லை. கே.கே. நகரில் வண்டியூர்க் கண்மாயை ஒட்டிக் குடியிருந்துகொண்டு, மடை எது கலுங்கு எது என்று தெரியாமல் இருந்த தம்பி, மறுநாள் காலையில் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பினான்.

யார் எல்லையில் தடம்?

காவல் விதி இருக்கிறதே, அதை மட்டும் வைத்தே ஒரு வருஷம் ஓட்டலாம். கணவாயில் உப்புப் பொதிமாட்டுக் கூட்டத்தை மறித்துவிட்டார்கள். கணவாய் பங்காளி ஈடு கட்ட வேண்டும். கட்டுவாரா? தடம் அடுத்த பாளையத்து எல்லைக்குள் போனால் பொறுப்பும் கூடவே போகும் என்று எங்கள் விதி. பங்காளி என்ன செய்தார் தெரியுமா? குளம்படியை முள்செடியை இழுத்து அழித்துவிட்டு, தன் சொந்த மாடுகளை மலையடிப் பக்கம் ஓட்டிவிட்டுப் புதுத் தடம் போட்டார்.

தம்பி கெட்டிக்காரன். "அந்தத் தடம் ஆழமா இருக்கா, லேசா இருக்காண்ணே?" என்று என்னைக் கேட்டான். உப்புப் பொதி சுமந்த மாட்டுத் தடம் மண்ணில் அழுந்தியிருக்க வேண்டும். லேசாகத்தான் இருக்கிறது என்றேன். மாடியே கூரை பிய்கிற மாதிரி சிரித்தது. கடைசியில் சந்தை அக்கா இரண்டு பேருக்கும் வட்டிக்குக் கொடுத்து வியாபாரிகளின் கணக்கைத் தீர்த்தார். அன்று முதல் இரண்டு பாளையமும் அக்காவைக் கேட்காமல் மூச்சு விடுவதில்லை.

கவனித்தீர்களா? இந்த இரண்டு கதையிலும் வில்லன் என்று நான் யாரையும் கொண்டுவரவில்லை. கடமையை மட்டும் மேஜையில் வைத்தேன். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது கையிருப்பு

மரியாதைக்கு எண் போட்டு விளையாடுவது சரியா என்று ஒரு நண்பர் கேட்டார். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்று கோர்ட் வரை போகிற ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? நெல்லும் ஆளும் தீர்ந்த பிறகும் ஒரு பாளையக்காரரை நிறுத்தி வைப்பது அதுதான்.

வரலாற்றிலும் பாருங்கள். திருமலை நாயக்கர் (1623–1659) ராமநாதபுரத்துச் சேதுபதி மேல் தளவாய் ராமப்பையனை ஏவிப் பெரும்போர் நடத்தியவர். அதே நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை மூக்கை அறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி வந்தபோது, காப்பாற்ற வந்தவர் ரகுநாத சேதுபதி. அதற்குக் கிடைத்த பரிசுகளில் முக்கியமானது ஒரு பெயர்: திருமலை சேதுபதி. நாயக்கர் தன் பெயரையே எடுத்துக் கொடுத்துவிட்டார். ராணியின் வேண்டுகோளைக் காத்ததற்காக 'ராணி சொல் காத்தான்' என்ற விருதும் உண்டு. சண்டையில் ஜெயித்ததற்கு ஆயிரம் பொற்காசு என்று நான் அறிவித்தால் ஆட்டக்காரர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பட்டம் கொடுத்தால் அடுத்த வாரம் அதைச் சொல்லிக் கூப்பிடாதவனோடு பேசமாட்டேன் என்கிறார்கள்.

அதே திருமலை நாயக்கர்தான் மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் வருகையையும் சித்திரையில் ஒன்றாகக் கோத்தார் என்பார்கள். தேனூரில் இறங்கிக்கொண்டிருந்த அழகர் மதுரை வைகைக்கு வந்து, வண்டியூர் வரை போகிறார். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஆள்கிற வேலை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரண்டு கூட்டத்தை ஒரே ஆற்றுக்குள் கொண்டுவருவதற்கு ஒரு படையும் தேவைப்படவில்லை. எங்கள் சித்திரைச் சுற்றிலும் யார் ஊரில் திருவிழா, யார் தேர் முதலில் நகரும், யார் வடம் தொடுவார் என்பதற்கு ஒரு முழு சாயங்காலம் போகும். போர் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கல்லாகிக் கிடக்கும் மூன்று

மாயம் எங்கே என்று கேட்பீர்கள். மாடியில் நின்றால் வடகிழக்கே யானைமலை படுத்திருக்கிறது. மேற்கே நாகமலை, தென்மேற்கே பசுமலை. மதுரையை அழிக்க ஏவிய மாய யானை, மாயப் பாம்பு, மாயப் பசு மூன்றும் கல்லாகிக் கிடக்கின்றன என்று திருவிளையாடல் புராணம் சொல்கிறது. ஒரு நகரத்தைச் சுற்றி மூன்று பூதங்கள் மலையாகப் படுத்திருக்கின்றன! இதை விட்டுவிட்டு எவனாவது கடல் தாண்டி டிராகனைத் தேடிப் போவானா?

புராணத்தில் அவற்றை ஏவியதில் சமணர்கள் வருகிறார்கள். அதே யானைமலையில் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. அந்தப் பழைய மதச் சண்டையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கும்பிடுகிற சாமியைக் கட்டையில் உருட்டக்கூடாது என்று அக்கா போட்ட விதியும் இருக்கிறது. எனவே தெய்வங்கள் கதையில் இல்லை. மூன்று மிருகங்கள் மட்டும், தூக்கத்தில்.

எங்கள் கதைப்படி அவை தூங்குவது ஓர் ஒப்பந்தத்தால். வருஷம் ஒரு முறை ஐந்து பாளையமும் சேர்ந்து படையல் செலுத்த வேண்டும். படையல் நெல்லாகப் போகும், பெரிய அளவில். இப்போது அந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்கை மறுபடி எடுங்கள். விளைச்சல் குறைந்த வருஷம். திறையைக் குறைத்தால் நாயக்கர் கேட்பார். படைச் சோற்றைக் குறைத்தால் ஆள் ஓடிவிடும். சொந்தப் பங்கைக் குறைத்தால் மகள் கல்யாணம் நிற்கும். எதிர்த்துப் பேசாத ஒரே கடன்காரன் அந்தக் கல் யானைதான். அதனால் எல்லோரும் அதில்தான் கைவைப்பார்கள். ஒவ்வொருவரும் "நம்ம ஒருத்தர் கொறச்சா என்ன தெரியவா போகுது" என்று தனித்தனியாக ஓலையில் எழுதுவார்கள். ஐந்து ஓலையையும் பிரித்துவிட்டு, "ஒத்தக்கடைப் பக்கம் ஆடு மேய்க்கிற பையன் ஒருவன், மலை மூச்சு விட்டதாகச் சொல்கிறான்" என்று நான் சொன்னபோது ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

மாயத்தையும் நாட்டுக் கணக்குக்குள் ஒரு கடமையாக நுழைத்துவிடுங்கள். தனியாக ஒரு பூதக்குகை தேவைப்படாது.

நடத்த நினைப்பவர்களுக்கு

உங்கள் ஊர் வரைபடத்தை எடுங்கள். தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று முதலில் வரையுங்கள். எல்லையைப் பிறகு போடலாம். ஆட்டக்காரர்களுக்குச் சமமான நிலம் தராதீர்கள். ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தேவைப்பட வேண்டும். சந்தையில் நெல் விளையாது, மலையடியில் உப்பு கிடைக்காது, கடைமடைக்குத் தண்ணீர் இல்லை.

மேலே இருக்கும் ஆளை நல்லவராகவும் காட்டாதீர்கள், கெட்டவராகவும் காட்டாதீர்கள். அவருக்கும் மேலே ஒரு ஆளைக் காட்டுங்கள். எங்கள் நாயக்கர் இடத்தில் இப்போது பேரன் பெயரில் ஆளும் ஒரு பாட்டி இருக்கிறார். ராணி மங்கம்மாளை மனத்தில் வைத்துத்தான் செய்தேன். தமுக்கத்து அரண்மனை, சத்திரம், சாலை என்று இன்றும் அவர் பெயர் சொல்லும் ஊர் இது. அவரே தெற்கே வந்த முகலாயருக்குத் திறை கட்டி நாட்டைக் காத்தவர். திறை கேட்கிற ராணியும் இன்னொருவருக்குத் திறை கட்டுகிறார் என்று தெரிந்த அன்றிலிருந்து என் ஆட்டக்காரர்கள் அவரோடு பேசும் தொனியே மாறிவிட்டது.

போன சுற்றில் அக்கா தாயம் போட்டார். விதிப்படி புது ஆள் வர வேண்டும். கிழக்குக் கடற்கரையிலிருந்து ஒரு வியாபாரியைக் கொண்டுவந்தேன். நல்ல துணி, நல்ல துப்பாக்கி, கனிவான பேச்சு. "திறை வசூலிக்கிற தொல்லை உங்களுக்கெல்லாம் எதற்கு? அந்த வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள், முன்பணமும் தருகிறோம்" என்கிறான். 1792 உடன்படிக்கையில் ஆற்காட்டு நவாபிடமிருந்து பாளையக்காரர்களின் திறையை வசூலிக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியதும், ஏழே வருஷத்தில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கில் தொங்கியதும் அறியாதவர் எங்கள் மேஜையில் யாரும் இல்லை. டீச்சர் அன்று அதை வைத்து ஒரு குட்டி வகுப்பே எடுத்தார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் ஓலை எழுதினார்கள். பிரித்துப் பார்த்தால் ஐந்து பேருமே அந்த வியாபாரிக்குத் தனித்தனியாகத் தூது அனுப்பியிருக்கிறார்கள், டீச்சர் உட்பட. மலை மூச்சு விடுகிறது, கொத்தளம் பழுதாகிக் கிடக்கிறது, பாட்டி திறை கேட்கிறார். இத்தனைக்கும் நடுவே அவரவருக்குப் பக்கத்துப் பாளையத்தின் மேல்தான் கண். வருகிற ஞாயிறு வியாபாரி யார் வீட்டு வாசலில் முதலில் இறங்குவான் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அநேகமாகத் தலைமடை. சாரிடம்தான் தண்ணீர் இருக்கிறது.